நொண்டிய அன்றைக்கே சொல்லியிருக்கணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கால்நடை வளர்க்கும் உறுப்பினர்களுக்கான அமர்வில் பேசிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "வெண்பன்றி வளர்த்து முன்னுக்கு வந்த கதையைச் சொல்லும்மா" என்றுதான் சொன்னார்கள். அந்தக் கதையைப் போன ஆண்டு மலரிலேயே போட்டுவிட்டார்கள். போட்டோவும் வந்தது. அதில் எழுதாமல் விட்ட ஒரு வாரம் இருக்கிறது. இன்றைக்கு அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எனக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை. ஆனால் மாடு, ஆடு, பன்றி எது வைத்திருந்தாலும் உங்களுக்கு உபயோகப்படும்.

எங்கள் குழுவில் 12 பேர். 5 பேர் கறவை மாடு வைத்திருக்கிறார்கள். நானும் இன்னொருத்தியும் வெண்பன்றி. மற்றவர்கள் ஆடு, தையல், இட்லிக் கடை. பன்றி வளர்ப்பு என்றாலே நம்ம ஊரில் ஒரு முகச்சுளிப்பு உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. குழுக் கடனில் பன்றி வாங்குகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கே இரண்டு பேர் தீர்மானத்தில் கையெழுத்துப் போட யோசித்தார்கள். ஊக்குநர் அக்காதான், "அவ உழைக்கப்போறா, கடனைக் கட்டப்போறா, எது வளர்த்தா என்ன?" என்று பேசி முடித்து வைத்தார். ஒரு கிடாவும் 4 தாய்ப்பன்றிகளும் வாங்கினேன். டவுனில் 2 ஓட்டல்களில் மிச்சச் சாப்பாடு எடுத்து வந்து போடுவேன். ஒன்றரை வருஷம் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை.

அது ஒரு மார்கழி மாதம். நல்ல பனி. அதற்கு 4 நாள் முன்னாடிதான் ஒரு வியாபாரியிடம் சந்தை வண்டியிலிருந்து 2 இளம் பன்றிகள் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, தனியாக வைக்காமல் பழைய பன்றிகளோடு அப்படியே விட்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் தீவனம் வைக்கப் போனால், ஒரு தாய்ப்பன்றி எழுந்து வந்தது, பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. "சிமெண்டுத் தரை சொரசொரன்னு இருக்கு, தேய்ச்சுடுச்சு போல" என்று நினைத்து மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை 3 பன்றி நொண்டியது. ஒன்று எழுந்திருக்கவே இல்லை. எழுப்பினால் வீல் என்று கத்தி, நாய் உட்காருகிற மாதிரி பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்போதே என் வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் குழுக் கூட்டம். போனேன். சந்தா கட்டினேன். உள்கடன் கணக்குப் பார்த்தோம். "உன் பன்னிங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கு அக்கா" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பொங்கலுக்கு 6 பன்றி விற்க வேண்டும், அந்தப் பணத்தில்தான் தவணை. நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் வியாபாரி வரமாட்டான். அதைவிடப் பெரிய பயம், "அப்பவே சொன்னோமே" என்று ஊர் சொல்லுமே என்கிற பயம்.

கூட்டம் முடிந்து, வழக்கம்போல என் பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்று, அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். பன்றிக் கொட்டிலில் போட்ட அதே செருப்பு. அதே சேலை.

புதன்கிழமை மூக்கு நுனியில், நாம் 'தட்டு' என்று சொல்லுவோமே, அந்த வட்டமான இடத்தில் வெள்ளையாகத் தோல் உப்பியிருந்தது. அன்றைக்குத்தான் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மெதுவான குரலில், "பாதி விலைக்குக் கொடு, ராத்திரியோட ராத்திரியா ஏத்திடறேன், யாருக்கும் தெரியாது" என்றார். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். என் வீட்டுக்காரர்தான், "வாங்கிட்டுப் போறவன் எந்த ஊருக் கொட்டில்ல இறக்குவான்? அங்கயும் ஒருத்தி லோன் போட்டுத்தானே வெச்சிருப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கை நின்றது. ஆனாலும் டாக்டருக்குச் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றேன்.

வியாழக்கிழமை விடியற்காலை கொட்டிலைத் திறந்தால், 3 வாரக் குட்டிகள் 19-ல் 11 குட்டிகள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் ராத்திரி பால் குடித்த குட்டிகள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டே 1962-க்குப் போன் போட்டேன். நம்ம கால்நடை மருந்தக டாக்டரம்மா வந்தார். கொட்டிலுக்குள் கால் வைக்கும் முன்னாலேயே, "எத்தனை நாளா நொண்டுது?" என்று கேட்டார். "மூணு நாளா" என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கொப்புளத் தோலையும் ரத்தத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, "இது காணை மாதிரிதாம்மா இருக்கு. கோமாரி. ஆய்வில் உறுதியாகும். அதுவரை ஒரு உயிரும் இந்தக் கொட்டிலை விட்டு வெளியே போகக் கூடாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோமாரி மாட்டுக்குத்தானே வரும்?" என்றேன். பேரிலேயே 'கோ' இருக்கிறதே. இரட்டைக் குளம்பு உள்ள எல்லாவற்றுக்கும் வரும் என்றார். மாடு, எருமை, ஆடு, செம்மறி, பன்றி, காட்டில் இருக்கிற மான் வரைக்கும். குதிரைக்கும் கழுதைக்கும் ஒற்றைக் குளம்பு, அதனால் வராது. ஆய்வு முடிவும் பிறகு கோமாரி என்றே வந்தது.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் பசு எச்சில் ஒழுக நின்றது. 9 லிட்டர் கறந்த மாடு, 3 நாளில் 2 லிட்டருக்கு வந்தது. அடுத்த வாரக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டாம். "பன்னியை ஊரை விட்டு எடு" என்றார்கள். நான் 'நல்லா இருக்கு அக்கா' என்று சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. குழு அன்றைக்கே இரண்டாக உடைந்திருக்கும். ஊக்குநர் அக்கா, "முதல்ல இது என்ன நோய், எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்குவோம். அப்புறம் சண்டை போடுவோம்" என்று டாக்டரம்மாவையே கூட்டத்துக்கு அழைத்து வந்தார். அவர் அங்கன்வாடிக் கரும்பலகையில் பன்றியின் காலை வரைந்து விளக்கினார். பிறகு நான் பயிற்சிக்குப் போய் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதை உங்களுக்கு நம்ம பாஷையில் சொல்கிறேன்.

இந்தக் கிருமி ஒரு வைரஸ். கண்ணுக்குத் தெரியாது. இதில் 7 வகை உண்டு. நம் நாட்டில் ஓ, ஏ, ஏசியா-1 என்கிற 3 வகைகளுக்கு எதிராகத்தான் தடுப்பூசி போடுகிறார்கள். ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் ஒருமுறை வந்த மாட்டுக்கும் மறுபடி வருகிறது.

மாட்டுக்கு இது பெரும்பாலும் மூச்சுக் காற்றில் வரும். கொஞ்சம் கிருமியே போதும். பன்றிக்கு மூச்சில் வருவது கொஞ்சம் கஷ்டம். அதற்கு முக்கியமாக வாய் வழியாகத்தான் வரும். தீவனத்தில், கழிவுச் சாப்பாட்டில், நோயுள்ள விலங்கின் இறைச்சி, எலும்பு கலந்திருந்தால் வரும். நோயுள்ள இன்னொரு பன்றியோடு மூக்கும் மூக்கும் உரசினாலும் வரும். உள்ளே போன கிருமி முதலில் தொண்டையில், நமக்கு டான்சில் இருக்கிற மாதிரி இடத்தில், தங்கிப் பெருகும். ஒரு நாள், இரண்டு நாளில் ரத்தத்தில் இறங்கும். அந்த நேரத்தில் பன்றியைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். தின்னும், புரளும், சண்டை போடும்.

ஆனால் கவனியுங்கள் சகோதரிகளே, இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்ததிலேயே முக்கியம். வெளியே ஒன்றும் தெரியாத அந்த நேரத்திலேயே கிருமி அதன் மூச்சிலும் எச்சிலிலும் வெளியே வர ஆரம்பித்துவிடும். பிறகு காய்ச்சல் ஏறும்போது அது உச்சத்துக்குப் போகும். ஒரு பன்றி மூச்சில் விடுகிற கிருமி, ஒரு மாடு விடுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வரைகூட அதிகம். பன்றியைக் கிருமி பெருக்குகிற மிஷின் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். நாம் கொப்புளத்தைக் கண்ணால் பார்க்கும் நேரத்தில், அது பக்கத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, கொப்புளம் ஏன் வருகிறது? ரத்தத்தில் ஓடுகிற கிருமி, தோலின் நடு அடுக்கில் போய் உட்காரும். அங்கே இருக்கிற தோல் அணுவுக்குள் நுழைந்து, தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் குட்டி போடும். அணு வீங்கி வெடிக்கும். வெடித்த இடத்தில் நீர் சேரும். மேல்தோல் தனியாகக் கழன்று உப்பும். கையில் சூடான எண்ணெய் தெறித்தால் உப்புமே, அது மாதிரி. ஒரு நாளில் அது உடைந்துவிடும். அப்புறம் தெரிவது செக்கச்செவேல் என்ற பச்சைப் புண். அதனால் பல பேர் கொப்புளத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். புண்ணைத்தான் பார்த்து, 'கல் குத்தியது' என்று நினைப்பார்கள்.

எங்கே தோல் அதிகம் உராய்கிறதோ, எங்கே எடை விழுகிறதோ, அங்கேதான் இது அதிகம் வரும். பன்றியின் எடை முழுக்க அந்தச் சின்னக் குளம்பில். அதனால் மாட்டுக்கு வாய் முதலில் தெரியும், பன்றிக்குக் கால்தான் முதலில் தெரியும். குளம்பும் தோலும் சேருகிற ஓரம், குளம்பு இடுக்கு, குதிகால் மெத்தை, பிறகு மூக்குத் தட்டு, நாக்கு, பால் கொடுக்கிற தாய்க்கு மடிக்காம்பு. முட்டி போட்டு நகர்கிற பன்றிக்கு முட்டியிலும் வரும். பன்றிக்கு மாடு மாதிரி எச்சில் நூல் நூலாக ஒழுகாது. அதை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். காய்ச்சல் 104, 105 டிகிரி வரை போகலாம். தீவனத்தை முகர்ந்துவிட்டுப் படுத்துவிடும். குளம்பின் மேல் ஓரத்தில் வெளுத்த கோடு தெரியும். இவை கொப்புளத்துக்கு முன்னால் வருகிற அடையாளம்.

கவனிக்காமல் விட்டால் குளம்பே உறை மாதிரி கழன்று விழும். என் கொட்டிலில் 2 பன்றிக்கு அப்படி ஆனது. பார்க்க முடியாது. புதுக் குளம்பு முளைக்க மாதக்கணக்காகும். வளர்ந்த பன்றிகள் இதில் அதிகம் சாவதில்லை. ஆனால் இளைத்து, எடை குறைந்து, சினையாக இருந்தால் கலைந்தும் போகும்.

குட்டிகள் ஏன் கொப்புளமே இல்லாமல் செத்தன என்று கேட்டேன். சின்னக் குட்டிகளில் கிருமி நேராக இதயத் தசையைத் தாக்கும் என்றார். தோல் உப்புவதற்கு முன்னாலேயே இதயம் நின்றுவிடும். டாக்டரம்மா ஒரு குட்டியை அறுத்துப் பார்த்தபோது இதயத்தில் வெள்ளை வெள்ளையாக, புலியின் கோடு மாதிரி இருந்தது. என் குட்டிகளுக்கு யாரும் விஷம் வைக்கவில்லை. ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மேல் நான் மனசில் வைத்திருந்த சந்தேகம் அன்றைக்குத்தான் போனது.

பன்றிக்கு இதே மாதிரிக் கொப்புளம் வரவைக்கிற வேறு வைரஸ் நோய்களும் வெளிநாடுகளில் உண்டு. 1966-ல் இத்தாலியில் ஒன்று கண்டுபிடித்தார்கள். கண்ணால் பார்த்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அதனால் 'எனக்குத் தெரியும், இது சாதாரணப் புண்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

இது பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். 2001-ல் இங்கிலாந்தில் வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில், சரியாகக் கொதிக்க வைக்காத கழிவு உணவிலிருந்து இது வந்தது என்று பின்னால் விசாரித்துச் சொன்னார்கள். அங்கே நோய் இருப்பதைப் பல நாள் யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணைச் செம்மறிகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் சந்தைக்குப் போய், நாடு முழுக்கப் பரவியது. 60 லட்சத்துக்கும் மேலான விலங்குகளைக் கொன்றார்கள். தைவானில் 1997-ல் பன்றிகளுக்கு வந்தபோது சுமார் 40 லட்சம் பன்றிகள் போயின. 1981-ல் பிரான்ஸ் நாட்டுப் பன்றிகளிடமிருந்து கடல் காற்றிலேயே போய் இங்கிலாந்துப் பக்கத்துத் தீவு மாடுகளுக்குத் தொற்றியது. குளிர்ச்சியும் ஈரமும் இருக்கிற காற்றில் அது அவ்வளவு தூரம் போகும். என் கொட்டிலுக்கும் அக்காவின் கொட்டகைக்கும் நடுவில் 30 அடிதான்.

இதையெல்லாம் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது டாக்டரம்மா மாடு வைத்திருந்தவர்களைப் பார்த்து, "ஊசி போட வந்தப்ப எத்தனை மாட்டுக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் மெதுவாக, "பால் குறையும்னு மாட்டைத் தோப்புல கட்டிட்டேங்க" என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். ஊசி போட வந்தவர்கள் என் வாசல் வழியாகத்தான் போனார்கள். பன்றிக்கும் உண்டா என்று நான் கேட்கவே இல்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். பன்றி கிருமியைப் பெருக்கும், ஆனால் சேர்த்து வைக்காது. மூணு நாலு வாரத்தில் அதன் உடம்பை விட்டுக் கிருமி போய்விடும். குணமான மாட்டின் தொண்டையில் மாதக்கணக்கில், சிலதில் வருஷக்கணக்கில்கூட இருக்கலாம். ஆட்டுக்கு வந்தால் வெளியே தெரியவே தெரியாத மாதிரி இருந்துகொண்டு பரப்பும். "அதனால பன்றிக்காரி, மாட்டுக்காரின்னு பேசாதீங்க. ஒருத்தி கொட்டகையில வந்தா எல்லார் கொட்டகையிலயும் வந்த மாதிரிதான்" என்றார். அன்றைக்கு அந்த அக்கா என்னிடம் பேசவில்லை. ஆனால் 'பன்னியை ஊரை விட்டு எடு' என்கிற பேச்சு அதோடு நின்றது.

எனக்கு எங்கிருந்து வந்தது? சந்தையிலிருந்து வந்த அந்த 2 இளம் பன்றியா, ஓட்டல் கழிவா, வியாபாரி வண்டியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். மூன்று கதவையும் நான் திறந்துதான் வைத்திருந்தேன்.

சகோதரிகளே, இப்போது என் கொட்டிலில் நான் செய்வதைச் சொல்கிறேன். மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தடுப்பூசி வருஷத்துக்கு 2 தடவை. அரசே இலவசமாகப் போடுகிறது. குட்டி, கன்றுகளுக்கு 4 மாதம் ஆனதும் முதல் ஊசி, அடுத்த மாதம் ஒரு ஊசி, அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் குறையலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம். அதற்குப் பயந்து மாட்டை ஒளித்து வைத்த அக்கா எத்தனை மாதப் பாலை இழந்தார் என்று பார்த்தோம். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே நோய் பக்கத்து ஊருக்கு வந்த பிறகு ஓடுவதில் பிரயோஜனம் குறைவு.

ஓட்டல் மிச்சம் எடுத்தால் இறைச்சி, எலும்பு கலந்ததை வாங்குவதில்லை. மற்றதையும் கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், கிளறிக் கிளறிக் கொதிக்க வைத்து, ஆறவைத்துத்தான் போடுகிறேன். விறகு செலவு ஆகிறது. அதையும் கணக்கு நோட்டில் எழுதுகிறேன்.

புதிதாக வாங்கிய எதையும் 21 நாள் தனியாக, தூரமாக வைக்கிறேன். அதற்குத் தீவனம் கடைசியாக.

கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு, தனி நைட்டி. வாசலில் ஒரு பழைய டப்பில் சலவை சோடாத் தண்ணி. 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம் சோடா. இந்தக் கிருமிக்குக் காரமும் ஆகாது, புளிப்பும் ஆகாது. வியாபாரியின் வண்டி கொட்டில் பக்கம் வரவே கூடாது. ரோட்டில் நிற்க வேண்டும்.

நோய் வந்துவிட்டால் வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆனால் புண் சீழ் பிடிக்காமல் காப்பாற்றலாம். எனக்கு டாக்டரம்மா சொன்னபடி, பொட்டாசியம் பர்மாங்கனேட் லேசாகக் கலந்த தண்ணியில் காலைக் கழுவினேன். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவினேன். குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்துப் போடுகிற கைவைத்தியமும் உண்டு; புண் ஆற உதவும், தொற்றை நிறுத்தாது. தரையில் நிறைய வைக்கோல் போட்டு, நடக்க விடாமல், கஞ்சியும் தண்ணியும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஊசி மருந்து டாக்டர் சொன்னால் மட்டும். செத்த குட்டிகளை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஆற்றங்கரையில், குப்பையில் போடக் கூடாது.

நிறைய பேர் கேட்பது, "பிள்ளைகளுக்கு வருமா?" என்று. வராது. குழந்தைகளுக்குக் கை, கால், வாயில் கொப்புளம் வருகிறதே, அது வேறு வைரஸ், மாட்டிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வருவதில்லை. பயப்பட வேண்டாம். பாலை எப்போதும் போலக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லுவது. 2009-லேயே இதற்கு ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. இந்த மாதிரித் தொற்று நோய் என்று சந்தேகம் வந்தாலே ஊராட்சியிலோ கால்நடை மருத்துவரிடமோ தெரிவிக்க வேண்டியது வளர்ப்பவரின் கடமை. நோயுள்ளதை விற்பது தப்பு. ஆனால் சட்டம் இருந்தும் நான் ஏன் சொல்லவில்லை? தவணைக்குப் பயந்தேன், பேச்சுக்குப் பயந்தேன். அந்த இரண்டு பயமும் போனால்தான் ஒருத்தி வாய் திறந்து சொல்லுவாள். இதை எங்கள் குழு புரிந்துகொண்டது. அந்த மாதமே ஒரு தீர்மானம் போட்டோம். கால்நடை நொண்டினாலோ, தீவனம் எடுக்காமல் படுத்தாலோ, வாயில் புண் தெரிந்தாலோ அன்றைக்கே ஊக்குநருக்கும் டாக்டருக்கும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவருக்கு உள்கடன் தவணை 3 மாதம் தள்ளி வைக்கப்படும். அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. தவணை தள்ளி வைத்த முதல் ஆள் நானும், பசு வைத்திருந்த அந்த அக்காவும்தான்.

அந்த அக்காவின் பசு பிழைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் வெயில் ஏறினால் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கும். காணை வந்து தேறிய சில மாடுகளுக்கு அப்படி ஆகும் என்றார்கள். அதன் மூச்சிரைப்பு என் கொட்டிலுக்குக் கேட்கும். நான் அந்த மூன்று நாளில் சொல்லியிருந்தால் நிச்சயமாக அதைக் காப்பாற்றியிருப்பேன் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைக்கு முன்னாலேயே கிருமி போயிருக்கவும் கூடும். ஆனால் பால் வாங்க நான் உள்ளே போயிருக்க மாட்டேன். அக்கா மாட்டை வேறு இடத்தில் கட்டியிருப்பார். அந்த வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவில்லை. இதை அவரிடமே சொன்னேன். ரொம்ப நாள் கழித்துத்தான் சொல்ல முடிந்தது. அவர், "சரி விடு கண்ணு, நானும்தான் ஊசி போடாம ஒளிச்சேன்" என்றார். இன்றைக்கு அவர் இந்த மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் இருவர் கொட்டகைக்கும் இப்போது ஒரே நாளில்தான் ஊசி போடுகிறோம்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குழுத் தீர்மான நோட்டில் இந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: நொண்டிய அன்றைக்கே சொல்லுவோம், சொன்னவளைக் கைவிட மாட்டோம். அடுத்த ஊசி எப்போது என்று மருந்தகத்தில் கேட்டு, அந்தத் தேதியையும் அதற்குக் கீழேயே எழுதி வையுங்கள்.